வேகக் காருக்குப் பழைய பாகம் வாங்குகிறீர்களா? பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர், ஊரில் எளிதில் வாங்க முடியாத வேகக் கார்களை அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். கார் மலிவாகக் கிடைத்தாலும் அதன் புதிய உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைப்பதில்லை. அதனால் ஷார்ஜா போன்ற இடங்களில் உள்ள பழைய பாகக் கடைகளைத் தேடிப் போகிறார்கள்.

பழைய விளக்கோ கண்ணாடியோ பொருந்தாமல் போனால் பணம்தான் நஷ்டம். எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃப்ரேம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், லோயர் ஆர்ம் போன்றவை அப்படியல்ல. இவற்றில் தவறு நேர்ந்தால் காரில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

"அதே மாடல்தான்" என்பது போதாது

கடைக்காரர் பொய் சொல்ல வேண்டியதில்லை. கார் உண்மையிலேயே அதே பெயரில் இருக்கலாம்; பாகம் மட்டும் வேறாக இருக்கும். சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ இதற்கு நல்ல உதாரணம்.

2004 மாடலில் சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். 2005 மாடலில் அந்த வட்டம் 114.3 மி.மீ. ஆனது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 2005 மாடலின் ஹப்பை வாங்கினால் உங்கள் பழைய சக்கரம் அதில் ஏறாது.

2008 மாடலில் பின்பக்க சஸ்பென்ஷனே மாறிவிட்டது. ஸ்ட்ரட் அமைப்பு போய் டபுள் விஷ்போன் வந்தது. எனவே அதன் பின் சப்ஃப்ரேம் முந்தைய மாடலுக்கு அப்படியே பொருந்தாது.

டபிள்யூஆர்எக்ஸ் காரில் எஸ்டிஐயின் பின் டிஃபரென்ஷியலை மாட்ட நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவு என்பதால் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் முன், பின் கியர் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு டிஃபரென்ஷியல் கெட்டுவிடும்.

எதை வைத்து உறுதி செய்வது?

உங்கள் காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கம்பெனி பாகக் கடையில் கொடுத்து, தேவையான பாகத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய பாகம் எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டதோ அதன் சேசிஸ் எண்ணையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பாக எண் வந்தால் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கலாம். எண் மாறினால், ஏன் மாறியது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

ஜப்பானில் ஓடிய கார்களின் பாகங்கள் வலது பக்க ஸ்டீரிங்குக்கானவை. வளைகுடாவிலோ ஸ்டீரிங் இடது பக்கம். ஆகவே முன் சப்ஃப்ரேம் வாங்கும்போது, ஸ்டீரிங் ராக் பொருத்தும் துளைகள் உங்கள் காருக்கு ஒத்து வருகின்றனவா என்று அளந்து பாருங்கள்.

பொருந்தினாலும் நேராக இருக்கிறதா?

பழைய பாகங்களில் பல விபத்தில் சிக்கிய கார்களிலிருந்து வருபவை. சப்ஃப்ரேமைச் சமதரையில் வைத்து, துளைக்குத் துளை குறுக்காக அளந்து, கம்பெனி கொடுத்துள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். போல்ட் துளை நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறதா, வெல்டிங் செய்த தடமோ புதிதாகப் பெயின்ட் அடித்த இடமோ தெரிகிறதா, துரு உள்வரை அரித்திருக்கிறதா என்று பாருங்கள். நெருப்பில் காய்ச்சி நேராக்கிய பாகம் வேண்டவே வேண்டாம். உறுதி மிகுந்த எஃகு அதிகச் சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும். அலுமினிய ஆர்மில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒருமுறை மட்டுமே முறுக்க வேண்டிய போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். தேய்ந்த புஷ்களையும் அப்போதே மாற்றுங்கள். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். அளவு சரிக்கு வரவில்லை என்றால் பாகமோ பாடியோ வளைந்திருக்க வாய்ப்புண்டு.

பணம் கொடுக்கும் முன், "பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பாகங்களை வாங்காமல் இருப்பதே நல்லது.