நனைந்த படத்துக்கு வைத்தியம்

வெள்ளம் வடிந்த வீட்டில் அரிசி, பருப்பு, மெத்தை, பீரோ எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. கடனோ உடனோ, மறுபடி வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. சுவரில் மாட்டிய படமும், டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்த ஆல்பமும்தான் அது.

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் கொட்டிய மழையை எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் வெறும் 15 நிமிஷத்தில் 4.5 சென்டிமீட்டர்! பந்தல்குடி வாய்க்கால் பெருகி, செல்லூர்த் தெருக்களில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து வீட்டுக்குள் புகுந்தது. கோரிப்பாளையத்தில் எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தப்பித்தோம். தண்ணீர் வடிந்ததும் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து, சோறும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனோம். போன இடத்தில் ஒரு வீட்டு வாசலில் கல்யாண ஆல்பத்தை விரித்து வெயிலில் காயப்போட்டிருந்தார்கள், வடகம் மாதிரி. பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது.

"மதினி, உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்குல்ல? அதுல இதைச் சரி பண்ண முடியாதா?" என்று ஒருத்தி கேட்டாள். என் மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரும், ஒரு ஸ்கேனரும் என்னிடம் இருந்தன. எம்பிராய்டரி போட்டுப் பழகிய கை. பொறுமைக்கும் பஞ்சமில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பாடு!

முதலில் படம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெறும் காகிதம் அல்ல. காகிதத்தின் மேல் ஜெலட்டின் என்ற ஒரு பசைப் படலம். மாட்டுத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுப்பது. அந்தப் பசைக்குள் பொடிப் பொடியாக வெள்ளித் துகள்கள். அந்தத் துகள்கள்தான் நம் தாத்தாவின் மீசையும் பாட்டியின் மூக்குத்தியும். தண்ணீர் பட்டால் இந்தப் பசை ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி ஊதிக்கொள்ளும். அந்த நிலையில் விரல் பட்டால் முகம் விரலோடு வந்துவிடும். இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பசை பூஞ்சைக்கு நல்ல விருந்து வேறு. இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

அதனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். படங்களைச் சுத்தமான தண்ணீருள்ள தட்டில் மெதுவாக அலசி, ஒன்றிலிருந்து ஒன்று தானாகப் பிரிய விட்டு, முகம் மேலே பார்க்க நிழலில் காயவைக்க வேண்டும். துடைக்கக் கூடாது. வெயில், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம். ஒரே நாளில் முடியாத அளவு படங்கள் இருந்தால், பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். அழுகல் அப்படியே நிற்கும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம். (மீன் வைக்கிற இடத்தில் மாமனார் படமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லவில்லை.) வீட்டிலேயே இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களை மட்டும் தண்ணீரில் போடக் கூடாது, மை கரைந்து ஓடிவிடும்.

இன்னொன்று. இது சாக்கடைத் தண்ணீரில் ஊறிய சாமான். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். பூஞ்சை பிடித்த ஆல்பத்தைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத பொடி பறக்கும். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம். முடிந்தால் மொட்டை மாடியில், நிழலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடேயே ஸ்கேனரில் கவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்ணாடியில் பல வருஷமாக வைத்த சந்தனமும் குங்குமமும் சேர்ந்து வரும். வந்தால் வரட்டும்.

ஸ்கேன் எடுக்கும்போது 600 டிபிஐ-க்குக் குறையாமல், 'டிஃப்' என்ற வகைக் கோப்பாக எடுத்து, அந்த முதல் பிரதியைத் தொடாமல் பத்திரப்படுத்தி, அதன் நகலில்தான் கை வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தது என் அண்ணன் மகன். விலையில்லாமல் கிடைக்கும் 'கிம்ப்' என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, "அத்தை, எது செஞ்சாலும் புது லேயர்ல செய்யுங்க, அடிப்படத்துல செய்யாதீங்க" என்றான். லேயர் என்றால் ரவிக்கைத் துணி மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைகிற மாதிரி. கோணினால் பேப்பரை எடுத்துவிடலாம்; துணிக்கு ஒன்றும் ஆகாது.

கீறலும் புள்ளியும் எடுப்பது சுலபம் போலத் தெரியும். பக்கத்திலிருந்து கொஞ்சம் நிறத்தை எடுத்து ஓட்டையில் அப்புவதுதானே! ஆனால் ஒரே இடத்திலிருந்து எடுத்து எடுத்து அப்பினால் புள்ளிக் கோலம் போட்ட மாதிரி ஒரே மச்சம் நாலு இடத்தில் வந்து நிற்கும். புடவைக் கரை இன்னும் மோசம். கட்டம் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் குத்தும். ஒரு விரற்கடைச் சரிகைக் கரைக்கு எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. கண் எரிச்சலும் தோள்பட்டை வலியும் சம்பளம்! 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து வாசலில் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

சில சூட்சுமங்களைக் கற்றபோது வந்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படமாக வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் டீக்கறை மாதிரி மஞ்சள் கறை இருந்தால், நீலப் படத்தில் அது கறுப்பாகத் தெரியும். சிவப்புப் படத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கறை போய்விடும், ஒரு புள்ளிகூட அப்பாமல்!

கலர்ப் படத்தின் கதை வேறே. அந்தக் காகிதத்தில் மூன்று சாய அடுக்குகள். மேலே நீலப்பச்சை, நடுவில் கருஞ்சிவப்பு மாதிரி ஒரு நிறம், அடியில் மஞ்சள். தண்ணீர் மேலிருந்து தின்றுகொண்டு வரும். படம் சிவந்திருந்தால் மேல் அடுக்கு போய்விட்டது, உருவம் இன்னும் இருக்கிறது. பச்சைப் படத்தைத் திறந்தால் மூக்கும் முழியும் தெரியும். வெறும் மஞ்சள் மட்டும் மிச்சமென்றால் உருவத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வெள்ளையாகிவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. நனையாமலே சிவந்துபோன 1970, 80-களின் கலர்ப் படங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தக் காலத்து நீலப்பச்சைச் சாயம் இருட்டுப் பெட்டியிலேகூட மங்கிவிடுகிற ரகம்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? என்னை ராத்திரி தூங்கவிடாமல் அடித்த கேள்வி இதுதான்.

செல்லூரில் ஒரு மூதாட்டி. தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். தறி ஓடிய வீடு. அவரிடம் ஒரே ஒரு படம். பாவாடை தாவணியில் இரண்டு பெண்கள். உட்கார்ந்திருப்பது அப்பத்தா, தோளில் கைவைத்து நிற்பது அவருடைய அக்கா. கல்யாணமாகி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாராம். அந்த அக்காவுக்கு வேறு படமே கிடையாது. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்ததில், நிற்கிறவரின் நெற்றியும் தலைமுடியும் ஒரு காதும் மட்டும் மிச்சம். கண்ணிலிருந்து தாடை வரை பசை உரிந்து வெறும் வெள்ளைக் காகிதம்.

என் கைக்கு வருவதற்கு முன்பே அப்பத்தாவின் பேரன் அதைப் போனில் ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டிருந்தான். ஐந்து நொடியில் முழு முகம்! பளபளவென்று, சினிமா நட்சத்திரம் மாதிரி. அப்பத்தா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கா. யாருத்தா இது?" என்று கேட்டார். பேரனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்தப் பையன் மேல் குற்றமில்லை. அந்தச் செயலிகள் லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியவை. ஓட்டை இருந்தால் 'இப்படி இருக்கலாம்' என்று ஒரு முகத்தை உண்டாக்கும். இருந்த முகம் எதுவென்று அதற்கு எப்படித் தெரியும்?

நான் என்னால் ஆனதைப் பார்த்தேன். அக்காவின் கல்யாணக் கூட்டப்படம் ஒன்று திருமங்கலத்தில் உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போய் ஸ்கேனரில் 2400 டிபிஐ-யில் எடுத்தேன். முப்பது பேருக்கு நடுவே கல்யாணப்பெண் முகம் ஒரு துவரம்பருப்பு அளவு. அதுவும் குனிந்த தலை. பெரிதாக்கினால் வெள்ளித் துகள்கள் மணல் மாதிரி சிதறுகின்றனவே தவிர, கண் வரவில்லை. இன்னொரு படத்திலிருந்து முகத்தை எடுத்து ஒட்டுவதும் உண்டுதான். ஆனால் அதே வயது, அதே திருப்பம், அதே பக்கத்து வெளிச்சம் வேண்டும். இங்கே எதுவும் ஒத்துவரவில்லை.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் அடித்த பிறகு 'ஆபரேஷன் ஃபோட்டோ ரெஸ்க்யூ' என்று தொண்டர்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். புயல் அடித்த ஊருக்கே போய் படங்களைப் பிரதி எடுத்து, ஊர் ஊராக இருக்கும் தொண்டர்களிடம் கொடுத்துச் சரிசெய்து, காசு வாங்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். ஜப்பானில் 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு யமமோதோ என்ற சின்ன ஊரில் மட்டும் சுமார் 7,50,000 படங்கள் சேற்றிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டன. அங்கே தொண்டர்கள் செய்தது கழுவுவது, எண் போடுவது, உரியவரைத் தேடிக் கொடுப்பது. உருவமே அழிந்து வெறும் நிறக் குழம்பாகிப்போன படங்களைக்கூட எறிய மனமில்லாமல், பின்னால் கண்காட்சியாக வைத்தார்கள். நம் பக்கத்திலேயே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஸோயே ஹெட்லி என்ற ஆய்வாளர், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித்தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாகப் பதிவு செய்திருக்கிறார். அங்கே கறையைக் கறையாகவே, கிழிசலைக் கிழிசலாகவே வைப்பதுதான் முறை.

அந்தக் கால ஸ்டூடியோக்காரர்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை. நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் 'டச்சிங்' செய்து அம்மைத் தழும்பை மறைத்தார்கள், கறுப்பைச் சிவப்பாக்கினார்கள். ஆனாலும் அது எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்துச் செய்தது.

நான் அப்பத்தாவிடமே கேட்டேன். கீறல், கறை எல்லாம் எடுத்தாகிவிட்டது, அக்காவின் கை தெளிவாக வந்திருக்கிறது, வளையல்கூட எண்ணலாம்; முகத்தை என்ன செய்யட்டும் என்று. அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணை மூடுனா எனக்கு அவ முகம் தெரியுது. நீ ஒண்ணும் எழுதாத. அந்த வெள்ளை மட்டும் கண்ணைக் குத்துது, அதை ஆத்திவிடு" என்றார். பின்னணியில் இருந்த திரையின் சாம்பல் நிறத்தை எடுத்து, அந்த வெள்ளையை மெல்லத் தணித்தேன். இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டேன். அப்பத்தா வீட்டில் மாட்டியிருப்பது சாம்பல் படம். பேரன், "என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முகம் வேணும் அத்தை" என்று செயலிப் படத்தை எடுத்துக்கொண்டான். அதன் பின்புறத்தில் 'இது கம்ப்யூட்டர் வரைந்த முகம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் மறுக்கவில்லை.

இன்னும் 14 படங்கள் என் மேஜைமேல் இருக்கின்றன. உங்கள் வீட்டில் நனையாத படங்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் ஒவ்வொன்றையும் போனில் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பிரிண்டின் பின்பக்கம், ஓரமாக, மெதுவான பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும்.