சுவர் மின்விசிறி
சுவர் மின்விசிறி என்பது சுவரில் பொருத்தப்பட்டு, இருபுறமும் திரும்பிக் காற்று வீசும் மின்விசிறி ஆகும். ஓட்டு வீடு, தகரக் கொட்டகை, சிறு கடை எனக் கூரையில் விசிறி மாட்ட வசதியில்லாத இடங்களில் இது பயன்படுகிறது.

மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. வியர்வையை விரைந்து ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை செல்சியஸ். காற்று அதைவிடச் சூடானால், அது உடலுக்கு வெப்பத்தையும் சேர்க்கும். எனவே 40 பாகைக்கு மேல் மின்விசிறியைத் தவிர்க்குமாறு உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. அந்நேரத்தில் ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும், அடிக்கடி நீர் அருந்துவதும், குளிர்ந்த இடத்திற்குச் செல்வதும் நல்லது. முதியோர், கைக்குழந்தைகள் மீது கூடுதல் கவனம் தேவை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மே மாதக் கத்திரி வெயிலின்போது, கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மாமல்லபுரக் கரையை முதலில் அடைகிறது. உள்ளே இருக்கும் செங்கல்பட்டு நகருக்குத் தாமதமாகவே வருகிறது. அதுவரை வெயில் படும் சன்னல்களை மூடி வைத்து, கடற்காற்று வந்ததும் கிழக்குச் சன்னலையும் எதிர்ப்புறச் சன்னலையும் திறக்கலாம். கிழக்குச் சன்னலை ஒட்டி, உள்நோக்கி வீசுமாறு விசிறியைப் பொருத்தினால் குளிர்ந்த காற்று அறை முழுவதும் பரவும். கடலோர உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதால், நெகிழி இறக்கையும் துருப்பிடிக்காத திருகாணிகளும் ஏற்றவை.