காகிதத்தில் ஓடிய மருத்துவமனை

புறநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு டாக்டர் மீது கோபம் வருவது இயல்பு. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கிய காலத்திலும் இந்தக் குறை பெரிதாகவே இருந்தது. டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாதென்று பலரை ஒரே நேரத்துக்கு வரச்சொல்லும் வழக்கம் இருந்தது. நார்மன் பெய்லி என்ற புள்ளியியல் அறிஞர், கோளாறு டாக்டரின் வேகத்தில் இல்லை, நேரம் ஒதுக்கும் முறையில் இருக்கிறது என்று 1952இல் காட்டினார். மருத்துவமனையைத் தொடாமல், சமவாய்ப்பு எண்களை வைத்துக் காகிதத்திலேயே அதை ஓட்டிப் பார்த்தார். இதுதான் சிமுலேஷன்.

நாமும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நோயாளிக்குச் சராசரி 5 நிமிடம் என்று வைத்து, நால்வரை 9.00, 9.05, 9.10, 9.15க்கு வரச்சொல்வோம். பார்க்க ஆகும் நேரம் முறையே 3, 9, 4, 4 நிமிடம். முதலாமவர் 9.03க்கே போய்விடுகிறார், டாக்டர் 2 நிமிடம் சும்மா இருக்கிறார். இரண்டாமவர் வெளியே வர 9.14 ஆகிறது. மூன்றாமவர் 4 நிமிடம், நான்காமவர் 3 நிமிடம் காத்திருக்கிறார்கள். சராசரி சரியாக 5தான். ஆனாலும் வரிசை உருவாகிவிட்டது. வீணான 2 நிமிடத்தைச் சேமித்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. காத்திருப்பின் வேர் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

பெய்லி சொன்ன தீர்வு எளிது: முதல் நேரத்துக்கு இருவரை அழையுங்கள், மற்றவர்களைச் சராசரி இடைவெளியில் ஒவ்வொருவராக அழையுங்கள். டாக்டரின் நேரம் அதிகம் வீணாகாது. கூட்டமாக வரச்சொல்லும் முறையைவிட நோயாளிகளின் காத்திருப்பும் வெகுவாகக் குறையும்.

இன்று கணினி ஆயிரக்கணக்கான நாட்களை நொடிகளில் ஓட்டிவிடும். வருகை, பதிவு, பரிசோதனை, ஸ்கேன், மருந்தகம், படுக்கை எல்லாவற்றையும் கோத்து, ‘இன்னொரு நர்ஸ் இருந்தால்?’, ‘ரத்தப் பரிசோதனையை முதலில் வைத்தால்?’ என்று கேட்கலாம். தவறான யோசனையால் எந்த நோயாளிக்கும் தீங்கு வராது.

விடைகள் பல சமயம் நம் ஊகத்தைப் புரட்டிப்போடும். ஒருவரைப் பார்க்க அதே சராசரி 5 நிமிடம் என்று வைத்து, வருகையும் பார்க்கும் நேரமும் தற்செயலாக மாறும் எளிய மாதிரி ஒன்றில், டாக்டருக்கு 80 சதவீதம் வேலை இருந்தால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதமானால் 45. 95 ஆனால் 95 நிமிடம்! டாக்டரையும் படுக்கையையும் முழுக்க நிரப்புவது சிக்கனம் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த எண்களை அவசியம் பார்க்க வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. மாதிரி முதலில் இன்றைய நிலைமையைச் சரியாகக் காட்ட வேண்டும். தாமதமாக வருபவர்கள், வராமலே போகிறவர்கள், தாமதமாகத் தொடங்கும் டாக்டர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான அடிப்படைத் தகவல் நான்கே: ஒவ்வொரு நோயாளிக்கும் ஒதுக்கிய நேரம், அவர் வந்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம். இவற்றைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தச் சிறிய மருத்துவமனையும் நாளைக்கே தொடங்கலாம்.