தூரத்துக் கணினி: கீழவாஞ்சூரில் போட்ட கணக்கு

நாகூரின் வடக்கு எல்லையை ஒட்டியிருக்கிறது காரைக்கால் மாவட்டத்தின் கீழவாஞ்சூர். காரைக்கால் துறைமுகம் இயங்குவது இங்கேதான். 2009இல் தொடங்கிய இத்துறைமுகத்தில் 5 கப்பல் தளங்கள், ஆண்டுக்கு 2.15 கோடி டன் சரக்கைக் கையாளும் திறன். 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. இவ்வளவு சரக்கு நடமாடும் ஊரில், சுமார் 300 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னை அலுவலகக் கணினியை இங்கிருந்தே இயக்க வேண்டிய தேவை ஒரு கப்பல் முகவருக்கோ கணக்கருக்கோ வரலாம். அதற்கு வழிகள் பல. ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்கிறது?

தூரக் கணக்கு

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னைக்குப் போய்த் திரும்ப 600 கி.மீ.; அதற்கு 3 மில்லிநொடி போதும். கேபிள் சுற்றிப் போவதாலும் இடையிலுள்ள கருவிகளாலும் இது சில மடங்கு கூடினாலும் கைக்குத் தாமதம் தெரியாது.

நடுக்கடலில் நிற்கும் கப்பலின் நிலை வேறு. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கட்டளை மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. மொத்தம் 1,43,144 கி.மீ., ஏறத்தாழ அரை நொடி. ஒவ்வொரு சொடுக்குக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு.

அளவுக் கணக்கு

எழுத்துத் திரை: 80 எழுத்து × 25 வரி = 2,000 பைட்.
வண்ணத் திரை: 1,920 × 1,080 புள்ளி × 3 பைட் = 62,20,800 பைட்.
அதையே நொடிக்கு 30 முறை அனுப்பினால்: சுமார் 1,493 மெகாபிட்.

எழுத்தைப் போல 3,110 மடங்கு எடை படத்துக்கு. 100 மெகாபிட் இணைப்பு 15 இருந்தால்தான் அதை அப்படியே அனுப்ப முடியும். அதனால்தான் விண்டோஸின் ஆர்டிபி (போர்ட் 3389), கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்றில் பிறந்த விஎன்சி (போர்ட் 5900) ஆகியவை திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகின்றன. கட்டளை மட்டும் தட்டுபவருக்கு எஸ்எஸ்ஹெச் (போர்ட் 22) போதும். மெல்லிய இணைப்பிலும் அது ஓடும்.

மின்சாரக் கணக்கு

60 வாட் இழுக்கும் கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் 30 நாளில் 43.2 யூனிட். நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் ஓடினால் 14.4. மிச்சம் 28.8 யூனிட். உறங்கும் கணினியை எழுப்ப ‘வேக்-ஆன்-லேன்’ என்ற வசதி உண்டு. அது அனுப்பும் செய்தியின் நீளம் 102 பைட்.

மென்பொருள் செலவு பெரிதில்லை. ஓபன்எஸ்எஸ்ஹெச், டைட்விஎன்சி, மறையாக்கிய தனிப்பாதை (விபிஎன்) அமைக்கும் வயர்கார்டு மூன்றும் இலவசம். ஆர்டிபி வழியே பிறர் உள்ளே வர வேண்டுமானால் மட்டும் விண்டோஸ் ஹோம் பதிப்பு உதவாது; புரோ வேண்டும்.

காவல் கணக்கு

உண்மையான செலவு இங்கேதான். எஸ்எஸ்ஹெச்சுக்கு முன் அதே வேலையைச் செய்த டெல்நெட் (போர்ட் 23) கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். 1995இல் பின்லாந்தில் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக் கேட்கப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதற்கு மாறினார்கள்.

4 இலக்கக் கடவு எண்ணில் 10,000 சேர்க்கைகள். நொடிக்கு 10 முயன்றால் 17 நிமிடத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். 6 இலக்கமானாலும் 28 மணி நேரத்தைத் தாண்டாது. இணையத்தை நோக்கித் திறந்து கிடக்கும் 3389 போர்ட்டை இரவு முழுக்கத் தட்டிப் பார்க்க இயந்திரங்களுக்குச் சலிப்பில்லை. ஆகவே அதை நேராகத் திறக்காமல் விபிஎன்னுக்குள் வைப்பதே முறை.

விபிஎன் மட்டும் இருந்தாலும் போதாது. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியே. அதற்கு இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு இல்லை. மே மாதம் சுமார் 8,850 கி.மீ. எரிபொருள் குழாய் நின்றது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கப்பமாகப் போனது.

நம் ஊர் மனிதர்களுக்கு நெருக்கமான ஆபத்து வேறு. எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, அது காட்டும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி மோசடிக்காரர்கள் வங்கிக் கணக்கைத் துடைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலி குற்றவாளி இல்லை. அந்த எண்ணைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

முடிவு

கட்டளை வேலைக்கு எஸ்எஸ்ஹெச். திரை வேண்டுமென்றால் விபிஎன்னுக்குள் ஆர்டிபி அல்லது விஎன்சி. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். எல்லாக் கணக்குக்கும் இரண்டாம் சரிபார்ப்பு வையுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் செயலி காட்டும் எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் இணைப்பைத் துண்டித்து உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.