நியமங்களும் சிறு கமக்காரரும்: கென்யாவின் போஞ்சிச் செய்கை

கென்யாவின் மேட்டு நிலங்களிற் சிறு கமக்காரர் விளைவிக்கும் பச்சைப் போஞ்சி விமானமேறி ஐரோப்பியச் சந்தையை அடைகின்றது. ஐரோப்பியப் பேரங்காடி நிறுவனங்கள் 1997 இல் தொடக்கி, 2007 முதல் குளோபல்காப் எனப் பெயரிட்டு வழங்கும் நியமம் அவர்களிடம் கோருவன பல: மருந்து தெளித்தமைக்குப் பதிவேடு, நஞ்சைப் பூட்டிவைக்க அறை, வயலருகே மலசலகூடம், கைகழுவ நீர். உண்பவர் நலன் கருதி இவற்றை எவரும் மறுக்கார். செலவு எவர் தலையில் விழுகின்றது என்பதே நாம் எழுப்பும் வினா.

போஞ்சி ஒரே முறையில் அறுவடை செய்து முடிக்கும் பயிரன்று. பூப்பதும் காய்ப்பதும் ஒருங்கே நிகழ்வதால், சில வாரங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறித்தல் வேண்டும். மருந்தடித்தபின் ஒரு வாரம் காத்திருப்பின் காய் முற்றிவிடும். முற்றிய காயை ஏற்றுமதியாளர் கொள்ளார். டைமெதோயேற் எச்சங் காரணமாக 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் கென்யப் போஞ்சிப் பொதிகளில் 10 வீதத்தைச் சோதிக்கத் தொடங்கியமையை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். அறிவுரை மட்டும் இங்கு உதவாது. காத்திருப்புக் காலங் குறைந்த மருந்து, கட்டக்கூடிய விலையில், கிராமத்துக் கடையிற் கிடைத்தல் வேண்டும்.

சான்றிதழ்ச் செலவையும் தனியொருவர் தாங்கவியலாது. குழுவாகச் சேரின், வெளிப் பரிசோதகர் உறுப்பினர் தொகையின் வர்க்கமூலமளவு தோட்டங்களைப் பார்த்தாற் போதும். 36 பேருக்கு 6 தோட்டம். ஆயினும் குழுவை நடத்துபவர் ஏற்றுமதியாளராகிச் சான்றிதழும் அவர் பெயரில் இருப்பின், கமக்காரர் அதைக் கொண்டு வேறொருவருக்கு விற்க முடியாது. கமக்காரர் சங்கமே அதனை வைத்திருக்குமாயின், விலை பேசும் வலு ஓரளவேனும் அவர்களிடம் எஞ்சும்.