தம்பியின் நெற்றியில் 2 மில்லி ஆம்பியர்

"ஷாக் குடுக்கப் போறாங்களாக்கா? திருக்கை அடிச்ச மாதிரி இருக்குமா?"

தம்பி இதைக் கேட்டபோது அவன் கடலுக்குப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. திருவேட்டக்குடி வீட்டுத் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். அவன் சொன்னது மின்சாரத் திருக்கையை. அது வலையில் உயிரோடு வந்தால் அப்பா கையால் தொடமாட்டார், துடுப்பால் தள்ளிவிடுவார். தொட்டால் தோள்வரை திமிர்த்துப் போகும். அந்த இனத்தில் ஒன்றுக்கு பிளாக், ஷ்னைடர் என்ற இருவரின் 1801-ஆம் ஆண்டு நூலில் அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. அந்த மீன் அவர்கள் கைக்குப் போனது நமக்கு வடக்கே இருக்கும் தரங்கம்பாடியிலிருந்துதான். இதன் உறவு மீனொன்றை உயிரோடு நெற்றியில் வைத்தால் தீராத தலைவலி போகும் என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ். தலைக்கு மின்சாரம் என்பது அவ்வளவு பழைய யோசனை.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். தம்பிக்கும் எண்ணாலேயே பதில் சொன்னேன். சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று நன்றாக எரிய 20 மில்லி ஆம்பியர் வேண்டும். டி.டி.சி.எஸ். என்கிற இந்தச் சிகிச்சையில் நெற்றிக்குப் போவது 2 மில்லி ஆம்பியர். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. அரிக்கும், சுள்சுள்ளென்று இருக்கும், தோல் சிவக்கும். சிலருக்குத் தலைவலி வரும். அவ்வளவுதான்.

ஊரில் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று சொல்லி மிரளுவது வேறொன்றை. அதில் 800, 900 மில்லி ஆம்பியர் அளவிலான மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் சில விநாடிகள் செலுத்தி, வலிப்பையே வரவழைக்கிறார்கள். கடுமையான மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. சினிமாவில் கட்டிப்போட்டுத் துடிக்கவைக்கும் காட்சிகளை எடுத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்தக் காட்சியை நினைத்துத்தான் தம்பி மூன்று வாரம் வரமாட்டேன் என்றான்.

2 மில்லி ஆம்பியர் என்ன செய்துவிடும்? மூளைச் செல்லை அது நேரடியாக இயக்குவதில்லை, இயங்கும் நிலைக்குக் கொஞ்சம் நெருக்கிவைக்கிறது. மணலில் பதிந்து கிடக்கும் படகை அது இழுத்துக் கடலில் விடாது, அடிமணலைத் தளர்த்திக் கொடுக்கும். இப்படி நடக்கிறது என்று 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும் காட்டினார்கள். மனச்சோர்வில் மந்தப்பட்டிருப்பதாகக் கருதப்படும் இடது முன்மூளைக்கு மேலேதான் நேர்முனைப் பட்டையை வைக்கிறார்கள்.

தம்பிக்கு வந்தது வெறும் மனச்சோர்வு இல்லை, இருமுனைக் கோளாறு. ஒரு மாசி மகத்தில் திருமேனியழகர் கடற்கரைக்கு எழுந்தருளும் நாளில், ஊருக்கே தன் செலவில் சாப்பாடு என்று அறிவித்துவிட்டான். அதற்காக மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. இரவு இரண்டு மணி நேரம் தூங்கினாலே அவனுக்குப் போதும், பேச்சு ஓயாது. "புள்ளைக்குச் சாமி அருள் வந்திருக்கு" என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு அடங்கிப் படுத்தபோது மட்டும் வைத்தியரிடம் கூட்டிப்போனோம், அழுகையை மட்டும் சொன்னோம். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதித் தந்தார். ஒரே மாதத்தில் பழையபடி ஏறிவிட்டான். ஏற்றத்தை அடக்கும் மருந்து இல்லாமல் சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் இப்படி நேரக்கூடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் லித்தியம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949-இல் கண்ட மருந்து, இன்றும் இதற்கு முதுகெலும்பு. ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வெயிலில் வியர்த்து உடம்பு வற்றினால் அந்த அளவு ஏறிவிடும், கடலுக்குப் போகிறவனுக்கு இது பெரிய விஷயம். படகில் இன்னொரு தண்ணீர்க் கேன் ஏறியது அதனால்தான். லித்தியம் ஏற்றத்தைக் கட்டியது. பள்ளம் மட்டும் முழுதாக மூடவில்லை. அங்கேதான் இந்த மின்சாரத்தின் பேச்சு வந்தது.

பிரேசிலில் இருமுனைச் சோர்வுள்ள 59 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தாமல், பத்து நாள் தினமும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை: பட்டை இருக்கும், முதலில் கொஞ்சம் அரிக்கும், மின்சாரம் நின்றுவிடும். நிஜ மின்சாரம் பெற்றவர்களில் 67.6 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். போலியில் 30.4. சோர்வு முழுக்க நீங்குவதில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஏற்றத்துக்குத் தாவியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. நம்பிக்கை தரும் ஆய்வுதான், ஆனால் சிறியது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸில் கணேசன் வெங்கடசுப்பிரமணியனின் குழு, மனச்சிதைவு நோயாளிகளுக்குக் காதில் கேட்கும் குரல்களைத் தணிக்க இதே முறையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

வெளியூரில் தங்கி தம்பிக்கும் பத்து நாள் கொடுத்தோம். முதல் நாள் பட்டையைக் கழற்றியதும், "கொசு கடிச்ச மாதிரிதாங்க்கா இருந்துச்சு" என்றான். மூன்றாம் வாரம் திண்ணையில் எழுந்து உட்கார்ந்து, கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டான். மின்சாரமா, லித்தியமா, எல்லாரும் கூடவே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. போலிச் சிகிச்சையில் தேறிய அந்த 30 சதவீதம் பேரை மறக்கவும் முடியாது.

என் மாணவன் ஒருவன் 9 வோல்ட் பேட்டரியில் இதை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டான். கூடாது. பட்டை காய்ந்தால் தோல் வெந்துவிடும். ஏற்றம் தொடங்கினால் அதைக் கண்டுபிடிக்க மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். நோயாளி தூங்காமல் ஓடித் திரிந்த நாட்களையும், அடகு போன நகையையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.