மூச்சைக் காக்கும் கைகள்

சென்ற விடுமுறையில் யாம் சிலர் முக்கொம்பிற்குச் சென்றிருந்தோம். அங்குள்ள பூங்காவில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனைக் கண்டோம். அவன் அன்னையார் ரப்பர்ப் பை ஒன்றன் குழாயை அவன் வாயிற் பொருத்தி மும்முறை அழுத்தினார். அவன் அக்காற்றை வெளிவிடாது அடக்கிப் பின் உரக்க இருமினான்; இருமிவிட்டுச் சிரித்தான். இஃதென்னை என வினவி அறிந்தனவும், பின்னர்க் கற்றனவும் ஈண்டு எழுதுவோம்.

அச்சிறுவனுக்குற்ற நோய் டூஷேன் தசைச் சிதைவு. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1868-இல் இதனை விரிவாக விளக்கினார். பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே இது பற்றும். தசைக்கு அரணாகிய டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இன்மையால், தசைகள் சுருங்குந்தோறும் சிதைகின்றன. முதலிற் கால்களும், பின்னர்க் கைகளும், இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளும் தளர்கின்றன. இதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

2018 ஆகஸ்டு 22 இரவு, இம்மேலணையின் கொள்ளிட மதகுகள் சில வெள்ளத்தில் வீழ்ந்ததை நம் ஊரார் மறவார். வீழ்ச்சி ஓர் இரவினது, தளர்ச்சியோ நெடுநாளையது. மூச்சும் அத்தகையதே. ஓடாத பிள்ளைக்கு மூச்சிரைப்புத் தோன்றாது. ஆதலின் நுரையீரலின் தளர்ச்சி எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. காலைத் தலைவலி, பகலுறக்கம், கலைந்த துயில் ஆகியவையே முன்னறிகுறிகள். இருமல் வலிமை குன்றினால் சளி தங்கும். சாதாரணச் சளியும் நிமோனியாவாக முற்றும்.

பையின் பயன் இதுவே: தானே இழுக்கவியலாத காற்றைப் படிப்படியாக ஏற்றி, மார்பை விரித்து, இருமலுக்கு வலிமை தருவது. வளர்ந்த சிறுவர்க்கு இருமலின் வேகம் நிமிடத்திற்கு 270 லிட்டருக்குக் குறையின், இருமலுக்குத் துணை வேண்டும் என்பர் மருத்துவர். மேலும் தளர்ந்தால், இரவில் முகமூடி வழியே காற்றூட்டும் கருவி உதவும். ஆக்சிஜன் மட்டும் அளித்தல் போதாது. உடலிற் கரியமிலவாயு மிகுவதை அது மறைத்துவிடும்.

இப்பைக்கும் நம் போன்ற மாணவர்க்கும் ஓர் உறவுண்டு. 1952-இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் வாட்டியபொழுது, மருத்துவ மாணவர் பலர் நோயாளிகளின் அருகமர்ந்து, இரவு பகலாக முறைவைத்துக் கையாற் பை அழுத்தி உயிர் காத்தனர். தானே விரியும் இக்காலப் பையும் அந்நாட்டிலேயே 1956-இல் வெளிவந்தது.

யாம் பத்தொன்பது வயதினேம். முன்னாளில் இந்நோயுற்றார் பலர்க்கு அவ்வயதே வாழ்வின் எல்லையாயிருந்தது. இன்று காற்றூட்டும் கருவியின் துணையாற் பலர் முப்பதையும் கடக்கின்றனர். நம் நாட்டிற் கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்னும் நிலையம் இந்நோய்க்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் வழங்குகின்றது. ஆயினும் நோயின் பெயர் அறிந்தபின் நாடோறும் மூச்சைக் காப்பவை வீட்டுக் கைகளே. அவற்றைப் பழக்க வேண்டிய காலம் மூச்சுத் திணறும் நாளன்று. அதற்குப் பல்லாண்டு முன்னரே.

யாம் விடைபெற்றபொழுது, அச்சிறுவன் எம்மை நோக்கி உரக்கக் கூவி வழியனுப்பினான். அக்குரலும் அவன் அன்னையார் அளித்த காற்றே.